வாய்க்கரிசி போட்டபோது இருமிய எங்கள் அய்யா

அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கத்தில் அய்யா என்போம். என் அய்யா மாயக்கண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேராகச் சுடுகாட்டுக்குத்தான் போவார்கள். "செத்துப் பொழைச்சாரே, அந்த மாயக்கண்ணன் பேத்தியா நீ?" என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபது வயதுவரை சும்மா உட்கார்ந்தே அறியாத ஒரு மனுசனின் வாழ்க்கை முழுவதையும் விட்டுவிட்டு, பாடையில் கிடந்த அரை நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் எப்படி? அதனால் நான் ஆரம்பத்திலிருந்துதான் சொல்வேன். அவசரப்படுகிறவர்கள் வேறு வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

கல்லலுக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் விளைகிற சின்ன ஊர் எங்களுடையது. அய்யாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு. உழுவார், நாற்றுமுடி சுமப்பார், கதிரடிப்பார். கை மேழியைப் பிடித்திருக்கும்போதே வாய் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் அதைத் தானும் செய்து பார்க்கவேண்டும். அது ஒரு வியாதி என்றே என் அம்மா சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம், தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் செட்டியார்கள் கோட்டை மாதிரி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசுவார்கள். முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். வண்டியில் செங்கல் இறக்கப் போன அய்யா அதைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். ஊரில் ஒரு கோழியை நிம்மதியாக அடைகாக்க விடவில்லை. வீடு வீடாகப் போய் முட்டை கேட்டு வாங்கி, எங்கள் மண்சுவரில் வாசல் பக்கம் மட்டும் ஒரு பூச்சுப் பூசினார். பிரமாதமாகத்தான் இருந்திருக்கிறது. சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பிய எங்கள் காளை, சுவருக்குள் இன்னொரு காளை நிற்பதைப் பார்த்து மிரண்டு, ஓடி வந்து முட்டிய முட்டில் சுவரோடு கதவு நிலையும் பெயர்ந்து விழுந்தது. ஊரே வாயைப் பிளந்து நின்றதாம். அய்யா மட்டும் விழுந்து விழுந்து சிரித்து, "பாத்தீகளா, மாட்டுக்கே மூஞ்சி தெரிஞ்சிருக்கு!" என்றாராம். அந்த நிலையை மறுபடி நட்டுக் கொடுத்தது அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பத்தாவின் அண்ணன்மார்.

அப்புறம் கூத்து. அறுப்பு முடிந்ததும் ஊர் ஊராகப் போய்விடுவார். கதையும் அவருடையது, பாட்டும் அவருடையது. கொழும்பிலிருந்து வந்த தேயிலைப் பெட்டியின் உள்தகட்டை உரித்துக் கிரீடம் செய்வார். செட்டியார் வீடுகளில் வீசி எறிந்த மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து சிம்மாசனம் அடிப்பார். படுதாவுக்குச் சாயம் காய்ச்சுவார். ராஜா வேஷத்தை மட்டும் எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த அளவுக்கு நல்ல மனசு கிடையாது.

கண்டரமாணிக்கத்தில் அவர் ஆடிய ஒரு கூத்தை அந்த ஊர்க் கிழவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கோழி கூப்பிடும்போதே முடியவேண்டிய கூத்து வெயில் ஏறும்வரை நடந்ததாம். நாட்டைத் தோற்ற ராஜா காட்டில் நின்று புலம்புகிற இடத்தில் அய்யா புதுசு புதுசாகப் பாட்டுக் கட்டிக்கொண்டே போனாராம். பின்பாட்டுக்காரனுக்கே தெரியாத பாட்டுகள். மீசை வைத்த ஆம்பிளைகள் தேம்பித் தேம்பி அழுதார்களாம். நான் சின்னப் பிள்ளையில் அவர் மடியில் ஏறிக்கொண்டு, "அந்தப் பாட்டப் பாடுங்கய்யா" என்று நச்சரிப்பேன். "அது மறந்துபோச்சு ஆத்தா" என்பார். ஊர்ப்பட்ட பாட்டு ஞாபகம் இருக்கிற மனுசனுக்கு அது மட்டும் எப்படி மறக்கும் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

என் அப்பத்தா ராக்காயி அந்தக் கூத்துகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. யாராவது கூப்பிட்டால், "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்பாள். அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்குச் சேர்த்து அய்யாவே பேசிவிடுகிறார், இவள் வேறு எதற்குப் பேசவேண்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவர்களுக்குப் பிறந்ததில் தங்கியது என் அப்பா கோட்டைச்சாமி ஒருவர்தான். அப்பாவுக்கு மூத்தவள் ஒருத்தி, சாலா என்று பேர், சின்ன வயதிலேயே வாந்திபேதியில் போய்விட்டாள். அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அய்யாவிடம் ஒரு பொல்லாத வித்தை இருந்தது. செத்துக் கிடப்பது. கூத்தில் ராஜா சாகிற கட்டம் வந்தால், மூச்சை எங்கே ஒளித்து வைப்பாரோ, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். பார்க்கிற பெண்கள் ஐயோ ஐயோ என்று அடித்துக்கொள்வார்கள். அந்த வித்தையை மேடையோடு விட்டால் பரவாயில்லை. சந்தையில், வரப்பில், சம்பந்தி வீட்டு விருந்தில் என்று நினைத்த இடத்தில் செத்துக் காட்டுவார். ஒரு தடவை என் மாமனார் பயந்துபோய் இலையை விட்டு எழுந்து ஓடிவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

கல்லலுக்கு ரயில் வந்த மறுவருஷம், சித்திரை மாதம், நான் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மன் திருவிழாவுக்கு மூங்கிலாலும் காகிதத்தாலும் ஒரு ரயில் எஞ்சின் செய்து சப்பரத்துக்கு முன்னால் இழுத்துப்போகவேண்டும் என்று அய்யா பிடிவாதமாக இருந்தார். ஊர்த்தலைவர் தங்கச்சாமி அம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மனுக்கு எதுக்கு மாமா ரயிலு?" என்று கேட்டார்.

"அவளும் எத்தன காலத்துக்குத்தான் மனுசன் தோள்லயே வருவா?" என்றார் அய்யா.

ஒரு நாள் காலையில் வெயிலில் ஏணி மேல் நின்று மூங்கிலை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து புளியமரத்தடியில் படுத்தார். மல்லாந்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, ராஜா சாகிறபோது கிடப்பது போலவே கிடந்தார். போனவன் வந்தவன் எல்லாம் சிரித்தான். "என்ன மாமா, இந்தத் தடவ எந்தப் போருல விழுந்தீக?" என்று கேட்டுவிட்டுப் போனான் ஒருவன். இன்னொருவன் மூக்கில் புல்லை விட்டுப் பார்த்தான். "அடேயப்பா, கெழவன் அசையலயே!" என்று மெச்சிக்கொண்டான். உச்சிவேளைக்கு என் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அசையவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். அப்போதும் அசையவில்லை.

பக்கத்து ஊர் வைத்தியரைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார்கள். அவர் நாடியைப் பிடித்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். சிரித்துவிட்டுப் போன அத்தனை பேர் முகத்திலும் ஈயாடவில்லை. செத்தவரைச் சுற்றி நின்று காலையிலிருந்து கேலி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறோமே! அந்த வெட்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பாவத்தைக் கழுவுகிற மாதிரி ஆளாளுக்குப் பறந்தார்கள். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம்" என்றார்கள். பொறுங்கள், ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்போம் என்று சொல்ல ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் பிணம் எடுப்பதற்கு முன்பே பெண்டாட்டியின் தாலியை இறக்கிப் பால் சொம்பில் போட்டுவிடுவார்கள். பதினாறாம் நாள்வரை காத்திருக்கிற வழக்கம் இல்லை. அப்பத்தாவை நடுவில் உட்காரவைத்து வளையலை உடைத்தார்கள். கழுத்தில் கிடந்ததை இறக்கினார்கள். அவள் சத்தம் போடவில்லை. சொம்புக்குள் அது முழுகுவதை மட்டும் குனிந்து பார்த்தாள். அவள் அண்ணன் வீட்டிலிருந்து வந்த வெள்ளைச் சேலையை அவள் மேல் போட்டார்கள். கொட்டு முழங்க அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் நாங்கள் கண்மாயில் தலைமுழுகிக்கொண்டிருந்தோம். அப்போது கரை மேல் ஆட்கள் ஓடிவருகிற சத்தம். முதலில் கொட்டுக்காரர்கள், கொட்டு இல்லாமல். பின்னால் பங்காளிகள், துண்டு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். ஒருவன் நேராகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கி எங்களைத் தாண்டி ஓடினான். "இருமுறாருடி! இருமுறாரு!" என்று கத்தினான். என்ன நடந்தது என்று புரியவே நேரமாயிற்று. சிதையில் வைத்து, என் அப்பா வாய்க்கரிசி போட்டிருக்கிறார். அரிசி தொண்டையில் சிக்கி அய்யா இருமியிருக்கிறார். இருமிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, கட்டியிருந்த கால் கட்டைவிரல்களைப் பார்த்து, "எவன்டா இத இப்பிடி இறுக்கிக் கட்டுனவன்?" என்று கேட்டிருக்கிறார்.

ஆத்தாடி! ஈரச் சேலையோடு சுடுகாட்டுப் பாதைக்கு ஓடினேன். அய்யா என் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் பிணமாலை, நெற்றியில் ஒட்டிய காசு. நான் போய்க் காலைக் கட்டிக்கொள்வதற்குள் ஊர் எல்லைக்கல்லின் பக்கத்திலிருந்து தங்கச்சாமி அம்பலத்தின் குரல் வந்தது.

"அங்குட்டே நில்லுங்க மாமா! இங்குட்டு வராதீக!"

"என்னப்பா, பசிக்குதுப்பா எனக்கு" என்றார் அய்யா.

"நடமாடுற மனுசனப் பாத்து நில்லுங்கன்னா என்ன அர்த்தம் மாமா? ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று நான் கத்தினேன்.

"முத்தழகு, நீ சும்மா இரு. தாலிய எறக்கியாச்சு. கொட்டு அடிச்சாச்சு. எல்லைக்கல்லத் தாண்டிக் கொண்டு போயாச்சு. தாண்டிப் போன பிணம் திரும்பி ஊருக்குள்ள வந்தா ஊரு வெளங்குமா? மழ பேயுமா?" அவருக்கும் அய்யா மேல் பிரியம்தான். ஆனால் அவர் பின்னால் ஊரே நின்றது.

அன்று அய்யாவை எல்லைக்கு வெளியே எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் விட்டார்கள். கஞ்சி குடித்துவிட்டு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "எனக்கு வேற எதுவும் வேணாம் ஆத்தா. எங்க வீட்டு நெலப்படியத் தாண்டி உள்ள போகணும். அங்கதான் சாகணும்."

ஊர் கூடிப் பேசியது. பழைய கிழவர்கள் ஒரு வழி சொன்னார்கள். முன்னொரு காலத்தில் கண்டரமாணிக்கம் பக்கம் இப்படி ஒருவர் திரும்பி வந்திருக்கிறாராம். செத்தவன் செத்தவன்தான். அதனால் அவன் மறுபடி பிறக்கவேண்டும். பிறந்து, தொட்டிலில் கிடந்து, பேர் வைத்து, முடி இறக்கி, காது குத்தி, கடைசியில் பெண்டாட்டி கழுத்தில் மறுபடி தாலி கட்டவேண்டும். தாலி ஏறியபிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போகலாம். தாலி கட்டாமல் வாசல்படி ஏறினால் பிணம் ஏறிய மாதிரி.

அழவேண்டியவர் யார்? அய்யாதானே? அவருக்கோ கொண்டாட்டம். செத்துப்போன விசாரத்தையே மறந்துவிட்டார். தோப்பில் இருந்தபடியே ஆளுக்கு ஒரு வேலை ஏவினார். எட்டு முழத்துக்கு ஒரு தொட்டில் பின்னினார். தானே தனக்குத் தாலாட்டுக் கட்டினார். "பொறக்குறது, பேரு வைக்கிறது, கல்யாணம், மூணு கட்டம். நடுவுல தொய்வு வரப்படாது" என்று கூத்து நடத்துகிற மாதிரியே பேசினார்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து எல்லைக்கல் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். நெல் கொட்டி வைக்கிற மண் குதிர் ஒன்றின் அடிவாயை ஆள் நுழைகிற அளவுக்கு உடைத்து, அய்யாவை மேல் வழியாக உள்ளே இறக்கினார்கள். அவர் தங்கச்சி பொன்னுத்தாயி கீழ் வழியாக இழுத்தாள். தோள் சிக்கிக்கொண்டது. "இழு புள்ள, வெக்கப்படாத!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். வெளியே வந்ததும் "குவா குவா" என்றார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறந்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் சேனை வைத்தார்கள். தொட்டிலில் போட்டு ஆட்டியதில் கயிறு அறுந்து விழுந்தார். பொன்னுத்தாயி பழைய பேரையே காதில் மூன்று தடவை சொன்னாள். புதுசாக ஏதாவது ராஜா பேர் வைக்கவில்லையே என்று அவருக்குக் குறை. தாய்மாமன் முறைக்கு, அவருடைய மாமன் மகன் ஏகப்பன் கண்டரமாணிக்கத்திலிருந்து வந்து முடி இறக்கினார். எல்லாம் முடிந்து பட்டுத்துண்டு, மாலையோடு அய்யா மணையில் உட்கார்ந்தார். தேங்காய் மேல் தாலி இருந்தது.

"அத்தையக் கூட்டியாங்க" என்றார் தங்கச்சாமி அம்பலம்.

அப்பத்தா தானாகவே வந்தாள். நாங்கள் எடுத்து வைத்த கூறைச்சேலையைக் கட்டவில்லை. அதே வெள்ளைச் சேலை. மணைக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றாள்.

"என்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே" என்றாள்.

"என்னத்தக் கேக்கணும் அத்தை?"

"மொதத் தடவ எனக்குப் பன்னெண்டு வயசு. ஒக்காருன்னாக, ஒக்காந்தேன். இப்பவும் கேக்காமத்தான் பந்தலப் போட்டிருக்கீக. எனக்குச் சம்மதம் இல்ல."

அய்யா, இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே, "என்ன ராக்காயி, நாடகமா?" என்று கேட்டார்.

"நாடகம் ஒங்களுக்குத்தான் வரும். எனக்கு வராது" என்றாள் அப்பத்தா. "சாலாவுக்கு முடியலன்னு ராத்திரி ஆள் விட்டேனே, ஞாபகம் இருக்கா? புள்ள மொதல்ல தண்ணி கேட்டுச்சு. அப்பறம் அப்பன் எங்கன்னு கேட்டுச்சு. வந்துக்கிட்டு இருக்காக, வந்துக்கிட்டு இருக்காகன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அது போயி, நாங்க கொண்டுபோயிப் பொதைச்சு, திரும்பி வந்து ஒக்காந்திருக்கோம். உச்சிப்பொழுதுக்கு வந்து நின்னீக, மூஞ்சியில அரிதாரம்கூட அழியாம. அந்த மூஞ்சிக்கு என்னால மறுபடி கழுத்த நீட்ட முடியாது."

என் அப்பா பதறிப்போய், "ஆத்தா, இத்தன வருசம் அவுக கூடத்தான குடித்தனம் பண்ணுனே!" என்றார்.

"பண்ணுனேன்டா. கட்டுன தாலிக்குப் பண்ணுனேன். அதத்தான் பால் சொம்புல போட்டுட்டீகளே. இப்ப என்னைய எது கட்டிவச்சிருக்கு?"

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். எத்தனை வருஷம்! முப்பது வருஷத்துக்கு மேலே. இவ்வளவு பெரிய நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு தினமும் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள், ஒருத்தருக்கும் சூடு தெரியவில்லை. அய்யாவைப் பார்த்தேன். மாலையைக் கழற்றி மணையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் தோப்புக்குத் திரும்பிப் போனார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. பந்தலைப் பிரிக்கும்போது ஏகப்பனைப் பிடித்துக்கொண்டேன். "தாத்தா, வெயில் ஏறுற வரைக்கும் ஒங்க ஊர்ல எங்க அய்யா கூத்து ஆடுனாகளே, அது எந்த ராத்திரி?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதே ராத்திரிதான் ஆத்தா" என்றார்.

நான் மடியில் ஏறிக்கொண்டு பாடச் சொல்லிக் கேட்ட பாட்டு! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கிழவிக்குத் திமிர் என்றார்கள். புருசனைத் தோப்பில் போட்டுவிட்டு வீட்டை ஆள்கிறாள் என்றார்கள். அப்பா அவளோடு பேச்சை விட்டார். நான் அவளிடமும் சண்டை போட்டேன், அய்யாவிடமும் சண்டை போட்டேன். என் புருசன் வீட்டுக்கும் அப்பா வீட்டுக்குமாக நடந்து, வந்தபோதெல்லாம் நான்தான் தோப்புக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஆடியும் ஆவணியும் போயிற்று. அய்யா எதையும் செய்யவில்லை. ஒரு பாட்டு இல்லை. மூங்கில் எஞ்சினைக் கரையான் தின்றது. சும்மா இருக்கத் தெரியாத மனுசன் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதைவிட அந்த இருமலில் எழுந்திருக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் நான் கஞ்சிக் கலயத்தை எடுத்தபோது அப்பத்தா கையை நீட்டினாள். "குடு, நான் கொண்டுபோறேன்" என்றாள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். என்ன ஆகுமோ என்று பயம்.

கொட்டகை வாசலில் அவள் கலயத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அய்யா நிமிர்ந்து பார்த்தார். கலயத்தைத் தொடவில்லை.

"நீ ஒண்ணு தப்பா நெனச்சுக்கிட்டு இருக்க ராக்காயி" என்றார். "புள்ளைக்கு ஒடம்பு முடியலங்கிறது தெரிஞ்சும் நான் கூத்த முடிச்சுட்டு வந்தேன்னு நெனைக்கிற."

"பின்ன இல்லையா?"

"இல்ல. நீ விட்ட மொத ஆளு ஏகப்பன் வீட்டத் தேடி அலைஞ்சிருக்கான். அவன் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டாவது ஆளும் வந்துட்டான். ஏகப்பன் படுதாவுக்குப் பின்னாடி வந்து எங்காதுல சொன்னது, புள்ள போயிருச்சுன்னு. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் திரும்ப மேடைக்குப் போனேன்."

ஐயோ, இதைப் போய் ஏன் சொல்கிறார், இனி ஜென்மத்துக்கும் வீடு கிடையாதே என்று பதறினேன். அப்பத்தாவின் முகம் கல்லாகிவிட்டது.

"அங்க நிக்கிற வரைக்கும் நான் ராசா" என்றார் அய்யா. "எறங்குனா புள்ளயப் பறிகுடுத்த பய. எறங்கப் பயந்துட்டேன். கூத்து முடிஞ்சா வீட்டுக்கு வரணும், வந்தா அது கெடக்குறதப் பாக்கணும். அதனால முடியவிடல. இல்லாத பாட்டெல்லாம் கட்டிக் கட்டிப் பாடுனேன். சனங்க அழுதுச்சு. பாட்டுக்கு அழுறாகன்னு நெனச்சாக. நான் எம்புள்ளைக்கு அழுதேன். விடிஞ்சு போச்சு, வெயிலும் வந்துருச்சு, அதுக்கு மேல பாட்டு வரல. ஒனக்கு நான் அங்க இல்லாமப் போனேன். அது தப்புதான். அதுக்கு நீ என்ன சொன்னாலும் தகும்."

அப்பத்தா எழுந்தாள். வாழ்நாளில் அவரை நிமிர்ந்து ஒரு வார்த்தை அதட்டிப் பேசாதவள், பளார் என்று அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். என் பிள்ளை வீரிட்டு அழுதது. அடுத்த நொடி அப்பத்தா அவர் தோளில் தலையை முட்டிக்கொண்டு, "ஏ சாலா! ஏ எஞ் சாலா!" என்று ஓலமிட்டு அழுதாள். தாலி இறக்கியபோது வராத அழுகை. அவரும் வாய்விட்டு அழுதார். செத்துப்போன அந்தப் பிள்ளைக்காக இரண்டு பேரும் சேர்ந்து அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கும் தாங்கவில்லை, பிள்ளையை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பத்தா, "இத அன்னைக்கே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

நல்ல உச்சிவெயில். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவோடு நடந்தாள். எல்லைக்கல்லைத் தாண்டினாள். வெள்ளைச் சேலைக்காரி, கழுத்தில் ஒன்றும் இல்லை, செத்துப்போன புருசனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். வாசலில் முறம் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தங்கச்சாமி அம்பலம் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடிவந்தார்.

"அத்தை! அத்தை! நெலப்படிய மிதிச்சுறாதீக! மொதல்ல தாலி! இந்தா இப்பவே, ஒரு மஞ்சளையாவது கட்டச் சொல்லுங்க!"

"வேணாம்யா."

"ஊரு ஒதுக்கி வச்சிரும் அத்தை. நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வரமாட்டான்."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிச் சாண் போனா என்ன, மொழம் போனா என்ன?" என்றாள் அப்பத்தா. அய்யாவை முன்னால் விட்டு, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள். அவர் நிலையைத் தாண்டி நடுவீட்டில் போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஊர் ஒதுக்கத்தான் செய்தது. அந்த மாதமே அம்மனுக்கு வைத்த பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானை கோயிலில் ஏறவில்லை. ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் போனபிறகு, பிணம் வந்தால் மழை பெய்யாது என்று சொன்னவர்கள் ஒவ்வொருத்தராக வாசலில் வந்து நின்று பேச ஆரம்பித்தார்கள். அய்யா பழையபடி ஆனார். என் பிள்ளைக்கு மரவண்டி செய்தார். தினமும் இல்லாவிட்டாலும் அடிக்கடி கல்லல் போய் ரயில் வருவதைப் பார்த்துவிட்டு வந்து, அது இழுக்கிற மூச்சை அப்படியே செய்து காட்டுவார். செத்துக் காட்டுகிற வித்தையை மட்டும் அதற்கப்புறம் செய்யவில்லை. அம்பலமும் அப்பாவும் மாறி மாறிக் கெஞ்சியும் அப்பத்தா தாலி கட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. காரணம் கேட்டால், "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று எழுந்து போய்விடுவாள். இன்னும் மனசு ஆறவில்லை போல என்று நினைத்தோம். அய்யாகூட அப்படித்தான் நினைத்தார்.

நாலு வருஷம் கழித்து, ஒரு தை மாதக் காலையில், நடுவீட்டில் படுத்திருந்த அய்யா எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் அவசரப்படவும் இல்லை. இரண்டு வைத்தியர்கள் வந்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தோம். மறுநாள் உடம்பு விறைத்தபிறகுதான் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

எடுக்கிற நேரம் வந்தது. பழக்கம் யாரை விட்டது? என் அம்மா பால் சொம்பைக் கொண்டுவந்து அப்பத்தா முன்னால் வைத்தாள். பொன்னுத்தாயியும் இன்னும் நாலு பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். வைத்தபிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள்.

அய்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அப்பத்தா சேலையை விலக்கி வெறுங்கழுத்தைக் காட்டினாள்.

"என்னத்த எறக்கப்போறீக? அன்னைக்கு என்னைய ஒரு வார்த்த கேக்காமக் கட்டுனாக. ஒரு வார்த்த கேக்காம அறுத்தாக. மறுபடி கட்டிக்கிட்டா மறுபடி வருவீகன்னு தெரியும்டி எனக்கு. அதுக்குத்தான் கட்டிக்கலை" என்றாள். அய்யாவின் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "அதுக்கப்பறம் அவுகளா இஷ்டப்பட்டு எங்கூட இருந்தாக, நானும் இஷ்டப்பட்டு இருந்தேன். கட்டாததை எவ வந்து அறுப்பா?"

என் அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பசியில் சிணுங்கிக்கொண்டிருந்த என் மகனுக்கு அந்தப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள்.